மெழுகுவத்தி அசையாத கதவு

ஆப்பு என்று சொன்னால்தான் எங்கள் உறவில் அவனைத் தெரியும். பெயரைச் சொன்னால், யார் அது என்று கேட்பார்கள். சின்ன வயதிலிருந்தே சட்டைப் பையில் நாலைந்து மரத்துண்டு இல்லாமல் அவன் வெளியே கிளம்பியதில்லை. ஆடுகிற நாற்காலியைக் கண்டால் காலுக்கடியில் ஒன்றைச் செருகிவிட்டுத்தான் மறுவேலை. தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தவன் பாதியில் எழுந்து போனான். பெண் வீட்டார் பதறிப்போய்ப் பார்த்தால், மூலையில் இருந்த மேசைக் காலுக்கு ஒரு துண்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

எனக்கு அவன் சித்தப்பா மகன். என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். சித்தப்பா தச்சர், சித்தியுடைய அப்பாவும் தச்சர், ஆகவே இரண்டு பக்கமும் உளி பிடித்த கைதான். நான் கல்யாணமாகி இந்தக் கடற்கரைக்கு வந்துவிட்டேன். அவர்கள் எல்லோரும் மலைமேல் இருக்கிற எங்கள் குளிர் ஊரிலேயே இருந்தார்கள். அங்கே வருஷத்தில் ஏழு மாதம், வாயைத் திறந்தால் புகை வரும்.

அந்த ஊரில் தச்சனுக்குப் பேர் கட்டிலாலும் வராது, பீரோவாலும் வராது. கதவால்தான் வரும். புதுக் கதவு மாட்டினால் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, நிலையின் ஓரமாகக் கீழிருந்து மேலே கொண்டுபோவார். சுடர் கொஞ்சம் அசைந்தாலும் தச்சன் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆப்பு செய்த கதவில் சுடர் அசைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவன் கதவைச் சாத்தினால் வீட்டுக்கு மூடி போட்ட மாதிரி இருக்கும்.

இப்படி ஊரில் பாதி வீட்டைக் காற்றுப் புகாமல் அடைத்தவனுக்கு ஒரே மகள். அவளுக்கு மூச்சு இழுப்பு. குளிர் தொடங்கிவிட்டால் வீட்டில் அடுப்பு அணையாது, ஜன்னல் திறக்காது. பிள்ளை நெஞ்சு விசில் அடிக்கும். ஏழாவது வயதில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். இரண்டாவது தடவை டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, இதெல்லாம் சும்மா சமாளிக்கத்தான், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற ஊருக்குக் கூட்டிப்போங்கள், அடுத்த குளிர் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அவன் பெண்டாட்டி எனக்குப் போன் பண்ணினாள். அவள் தையல்காரி, நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். "அண்ணி, உங்க ஊர்ல இவருக்கு ஏதாவது வேலை கிடைக்குமா? கூலி எவ்வளவா இருந்தாலும் சரி" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் தெருக்கோடியில் மரப் பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். நான் போய்ச் சொன்னேன். ஆறு மாதம் பார்க்கிறேன், பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு இருக்கிறது, இருந்துகொள்ளட்டும், கை சரியில்லை என்றால் வேலையும் இல்லை வீடும் இல்லை, உறவுக்காரி சொன்னாள் என்றெல்லாம் பார்க்கமாட்டேன் என்றார். நேரான மனுஷர். நேரான மனுஷரிடம் வேலை பார்ப்பது கஷ்டம்.

மூன்று பேரும் வந்து இறங்கியபோது ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். பஸ் நிலையத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து ஆப்பு செய்த முதல் வேலை, எல்லா ஜன்னலையும் சாத்தியது. இரண்டாவது வேலை, சாத்தின ஜன்னலின் இடுக்கில் துணி அடைத்தது. அவன் பெண்டாட்டி ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். ஒரு மாதம் இது நடந்தது. சாயங்காலமானால் அவன் சாத்துவான், இவள் திறப்பாள். எதற்காக இத்தனை தூரம் வந்தோம் என்பது அவனுக்குத் தெரியும்தான். கைக்குத் தெரிய வேண்டுமே.

கடல் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மேல்மாடியில் யாரோ பீரோவை இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது, ஒரு இடத்தில் வைத்துத் தொலைக்கக் கூடாதா என்று என்னிடம் கேட்டான். உப்பு டப்பாவில் உப்பு கட்டியாகிவிட்டது. இரும்புப் பெட்டியில் வைத்திருந்த ஆணிகள் இரண்டு வாரத்தில் துருப்பிடித்தன. போர்வையை உதறினால் மணல், செருப்பை உதறினால் மணல், ஒருநாள் தையல் மிஷினுக்குள்ளிருந்தே ஒரு கரண்டி மணல் எடுத்தாள். பிள்ளைதான் முதலில் பழகினாள். மூன்றாவது வாரமே கால் நனைத்துவிட்டு ஓடி வந்தாள். ஓடி வந்தவள் மூச்சு வாங்காமல் பேசினாள். அதை அவள் அம்மா கவனித்தாள், நானும் கவனித்தேன். கண் பட்டுவிடும் என்று இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

பட்டறையில் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு ஆணி. அதில் கயிறு கட்டி ஒரு தகரத் துண்டு தொங்கும். கை விரல் நீளம், நுனி வளைந்தது, பழைய இரண்டு ரூபாய்க் காசின் கனம் இருக்கும். கதவு மாட்டியதும் அந்தத் தகரத்தை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விட்டு மூன்று பக்கமும் ஓட்டிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடினால்தான் பட்டறைக்காரர் கதவை ஒப்புக்கொள்வார்.

ஆப்புக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம், அக்கா, இங்கே கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு தெருவே விடுகிறார்கள், எங்கள் ஊரில் இப்படிக் கதவு போட்டால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்றான். அவர் சொல்கிறபடி செய்யடா என்றேன். தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நான் சித்தப்பாவிடமே பார்த்திருக்கிறேன். அதற்கு அர்த்தம், நீ சொல்லி முடி, நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்பதுதான்.

நாலாவது மாதம் ஒரு பெரிய வேலை வந்தது. கடலைப் பார்த்த மாதிரி ஒரு அம்மாள் புதிதாகத் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டுக் கதவு. அதே சமயம் பட்டறைக்காரரின் மகளுக்கு வெளியூரில் பிரசவம், அவர் ஒரு மாதம் அங்கே போய் இருக்க வேண்டியதாகிவிட்டது. கிளம்பும்போது ஆப்பிடம் பொறுப்பை ஒப்படைத்து, ஆணியில் இருந்த தகரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் இவன் தன் ஊர்க் கதவைச் செய்தான். பட்டறையில் பெயிண்டர் ஒருவர் இருந்தார், வாய் நிறைய வம்பு. "மலைக்காரரே, எறும்பு எந்த வழியா உள்ளே போகும்? அதுக்காவது கொஞ்சம் இடம் விடுங்க" என்று கேட்டாராம். எறும்பு ஜன்னல் வழியாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டு இழைத்தான். அவன் வேலையைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டும் பதினெட்டு ஓவியம். முதலில் கைப்பழக்கத்துக்கு அதே மரத்தில் ஒரு கதவு செய்து, பழைய கதவைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டுப் பின்வாசலிலேயே மாட்டிக்கொண்டான்.

விடுதிக்கார அம்மாளுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக் காட்டினான். வெளியே காற்று அடிக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, சுடர் குச்சி மாதிரி நிற்கிறது. அந்த அம்மாள் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. தன்னுடைய ஆபீஸ் அறைக் கதவில் நாலு தடவை ஏற்றிப் பார்த்தார். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஆப்பு அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்தான் என்று பெயிண்டர் சொன்னார்.

இதெல்லாம் நடந்தது காய்ந்த மாதங்களில். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், வருஷத்தில் ஒரு நாள் காற்றுத் திரும்பும். அதுவரை தரையிலிருந்து கடலுக்குப் போன காற்று, கடலிலிருந்து தரைக்கு ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். துவைத்த துணி இரண்டு நாள் காயாது. சுவரைத் தொட்டால் கை நனையும். சுவர் குடிக்கிற ஈரத்தை மரமும் குடித்து ஊதாமல் இருக்குமா? எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் கதவு செய்கிறவள் இல்லையே என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காற்றுத் திரும்பி நாலாம் நாள் காலையில் அவன் பெண்டாட்டி கையில் கதவுக் கைப்பிடியோடு என் வீட்டுக்கு வந்தாள். வெறும் கைப்பிடி. பின்வாசல் கதவைத் திறக்கப் பார்த்தாளாம், கதவு அங்கேயே நிற்கிறது, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஆப்பு, பிள்ளை தண்ணீரைக் கொட்டியிருப்பாள் என்றானாம். பிறகு கீல் சரியில்லை என்றானாம். பிறகு தோளால் இடித்தானாம். மூன்று இடிக்கு அப்புறம் கதவைக் கையால் தடவிப் பார்த்தவன், சட்டையைப் போட்டுக்கொண்டு விடுதிக்கு ஓடினான்.

விடுதியில் ஏழு கதவு இறுகிப் போயிருந்தது. மற்றவை இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தன. விடுதி திறப்புக்கு இன்னும் ஆறு நாள். பட்டறைக்காரர் அன்றைக்குச் சாயங்காலம் ஊர் திரும்புகிறார்.

நான் போனபோது புருஷனும் பெண்டாட்டியும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன், மரம் சரியாகக் காயாத மரம், மரக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிடலாம் என்றான். சொன்னால் யாரும் நம்புவார்கள். இந்த ஊரில் அப்படி எத்தனையோ நடந்திருக்கிறது. இல்லையென்றால் வேலை போகும், வீடு போகும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மலையேற வேண்டும். இன்னும் இரண்டு மாதத்தில் அங்கே குளிர் தொடங்கிவிடும். நான் என்ன சொல்வது? என் வாயிலும் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது.

அவன் பெண்டாட்டி கையில் இருந்த கைப்பிடியைத் தரையில் வைத்தாள்.

"மரம் பச்சைன்னு சொன்னா அவர் நம்புவாருங்க. அப்புறம் வேற மரம் வாங்கித் தருவாரு. அதுலயும் நீங்க இப்படித்தானே செய்வீங்க? அடுத்த வருஷம் எந்த மரத்தைச் சொல்றது?"

உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அவள் மூச்சு விடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அது கேட்காமல் இருந்ததுதான் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. அவன் எழுந்து பட்டறைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். நான் சொல்லிச் சேர்த்த இடமாயிற்றே.

பட்டறைக்காரர் பயணப் பையைக்கூட இறக்கவில்லை. ஆப்பு எல்லாவற்றையும் சொன்னான். மரம் நல்ல மரம், அளவுதான் தப்பு, தகரம் ஓட்டவில்லை என்றான்.

"தகரம் எங்கே?"

"ஆணியிலே தொங்குதுங்க."

"தொங்கறதுக்கா வெச்சிருக்கேன்?"

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திறப்புக்குள் பதினெட்டும் சரியாக வேண்டும், பட்டறை ஆள் ஒருத்தரையும் தரமாட்டேன், அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, மற்றதைத் திறப்பு முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பையோடு உள்ளே போய்விட்டார். மகளுக்கு என்ன குழந்தை என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆறு நாளும் விடுதியில்தான் கிடந்தோம். ஆப்பு கதவைக் கழற்றுவான், இரண்டு மரக்கட்டைமேல் படுக்கவைத்து மூன்று விளிம்பையும் இழைப்பான். தான் அழகாகச் செய்ததைத் தானே செதுக்குகிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவன் பெண்டாட்டி தையலை ஒதுக்கி வைத்துவிட்டு, இழைத்த விளிம்புக்குப் பெயிண்ட் அடித்தாள். விளிம்பில் பெயிண்ட் இல்லாவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். நான் சீவலைக் கூட்டினேன், கீல் ஊசிகளைத் தொலையாமல் டப்பாவில் போட்டு வைத்தேன். கதவை மாட்டியதும் அவளே தகரத்தை ஓட்டிப் பார்ப்பாள். எங்காவது தட்டினால் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவாள். அவன் மறுபடியும் கழற்றுவான். இரண்டாம் நாள் பெயிண்டர் தன் வேலை முடிந்து வந்து, சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பிரஷை எடுத்தார்.

பதினேழு கதவு முடிந்தது. பதினெட்டாவது அந்த அம்மாளின் ஆபீஸ் அறை. அதன் மேல் கை வைக்க அவர் விடவில்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் கெடுத்துக்கொள்ளுங்கள், என் கதவு திறக்கிறது, சாத்துகிறது, மெழுகுவத்தி நிற்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்றார். ஆப்பு மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை அந்த அம்மாள் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

திறப்பு நாள் வந்தது. காலையிலிருந்து தூறல். பெட்டி படுக்கையோடு பன்னிரண்டு பேர் முன்கூடத்தில் நிற்கிறார்கள். பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். அந்த அம்மாள் அறைச் சாவிகளை எடுக்க ஆபீசுக்குள் போனார், பழக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டார். அதோடு சரி.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே அவர் தட்டியிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார். அந்தக் கதவு காற்றையே விடாது, சத்தத்தையா விடும்? கடைசியில் வெளித் தாழ்வாரத்துப் பக்கம் ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை நீண்டு ஆடுவதைப் பெயிண்டர்தான் பார்த்தார்.

ஆப்பு ஓடினான். நாங்களும் ஓடினோம். அந்த அம்மாள் வியர்த்து ஊற்றிக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நின்றார்.

"தச்சரே, கதவு நல்லாத்தான் இருக்கு. நான்தான் உள்ளே இருக்கேன்" என்றார்.

கதவு உள்பக்கம் திறப்பது. கீலும் உள்பக்கம். வெளியிலிருந்து இடித்தால் நிலை உடையும். ஆப்பு ஒரு உளியையும் சுத்தியலையும் கம்பி வழியாகக் கொடுத்தான். கீல் ஊசியை அடியிலிருந்து மேல்பக்கமாகத் தட்டச் சொன்னான். கீழ்க் கீலை முதலில், பிறகு நடுக் கீல், மேல் கீல் கடைசி. அந்த அம்மாள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்து நடந்து கேட்டுக்கொண்டு தட்டினார். முதல் ஊசிக்குக் கால்மணி நேரம். இரண்டாவதுக்கு ஐந்து நிமிஷம். மூன்றாவதுக்கு நாற்காலி மேல் ஏறி ஒரே தட்டு. பிறகு கீல் பக்கமாக உளியைக் கொடுத்து நெம்பினார். கதவு ஒரு முனகல் முனகிவிட்டு நிலையை விட்டு வந்தது. சேலையெல்லாம் தூசி, கையில் சுத்தியல், இன்னொரு கையில் சாவிக்கொத்து. நின்றிருந்த பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். ஏதோ திறப்பு விழாவில் இப்படித்தான் செய்வார்கள் என்று அதில் இரண்டு பேர் நினைத்திருக்கலாம்.

சாவிகளைக் கொடுத்து முடித்துவிட்டு அந்த அம்மாள் பட்டறைக்காரரிடம் வந்தார். இந்த ஒரு கதவைத் தொடவிடாதது நான்தான், அவர் மூன்று தடவை கேட்டார் என்றார். மற்றப் பதினேழும் காற்றில் லேசாகத் தட்டிக்கொண்டு, விரலால் தொட்டால் திறந்தன.

பட்டறைக்காரர் ஆப்பைத் தனியாகக் கூப்பிட்டார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"திங்கக்கிழமை ஸ்கூலுக்கு நாப்பது ஜன்னல். மரம் இறக்கணும், காலையிலே ஆறு மணிக்கு வந்துடு."

ஆப்பு "வீடுங்க?" என்றான்.

"வீட்டுக்கு என்ன?"

"காலி பண்ணணுமான்னு..."

"காலி பண்ணிட்டு ஆறு மணிக்கு எங்கேயிருந்து வருவே?" என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்து, "பையன் பிறந்திருக்கான்மா" என்றார்.

அந்தப் பட்டறையில் ஆப்பு இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தான். பட்டறைக்காரர் போன பிறகு அவர் மருமகன் எடுத்து நடத்தியபோதும் அந்த ஆணியும் தகரமும் அங்கேதான் இருந்தன. தகரத்தை எடுக்காமல் கதவு மாட்டுகிற ஆளை ஆப்பு ஒரு பார்வை பார்ப்பான் என்று சொல்வார்கள். விடுதிக்கார அம்மாள் பதினெட்டாவது கதவையும் இழைக்கக் கொடுத்தார். உளியையும் சுத்தியலையும் மட்டும் திருப்பித் தரவில்லை. இனி அது என் ஆபீசில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

தன் வீட்டுப் பின்வாசல் கதவை அவன் கடைசியாகத்தான் இழைத்தான். அந்த ஆறு நாள் வேகம் கையில் இருந்ததோ என்னவோ, கொஞ்சம் அதிகமாகவே இழைத்துவிட்டான். ஈர மாதங்களில் சரியாக இருக்கும். காய்ந்த மாதம் வந்தால் கதவு நிலைக்குள் லொடலொடவென்று ஆடும். அந்தச் சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் வராது. பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து இடுக்கில் செருகுவான். ஊரில் யாருடைய மேசைக்கோ வைத்த வழக்கம், கடைசியில் தன் கதவுக்கே வேண்டியதாகிவிட்டது.

மகள் இப்போது பிள்ளை பெற்றவள். பக்கத்து ஊரில் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். குளிர் காலம் என்று ஒன்று இருந்ததை அவள் நெஞ்சு மறந்தே போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு பின்வாசலுக்குப் போவாள். இடுக்கில் இருக்கிற துண்டை உருவி ஜன்னல் கட்டைமேல் வைத்துவிட்டுக் கதவை விரியத் திறந்துவிடுவாள். ஆப்பு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் கிளம்பிப் போகிறவரைக்கும் அதைச் சாத்தமாட்டான்.